87 கார்டு: கூறு கட்டுவதா, ஒவ்வொன்றாய் விற்பதா?

கேள்வி: வணக்கம் அண்ணா. ஏற்காட்டில் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கனடாவுக்கு வேலைக்குப் போன தம்பி ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய ஸ்போர்ட்ஸ் கார்டுகளை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கிரிக்கெட், பாஸ்கெட்பால், ஃபுட்பால் எல்லாம் கலந்து இருக்கிறது. ஒவ்வொன்றும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள், மேலே கிரேடு நம்பரோடு. "வித்து பாப்பா ஃபீஸுக்கு வெச்சுக்கோ அக்கா" என்கிறான். 90 கார்டு இருந்தது. அவன் சொன்ன விலைக்கு இன்ஸ்டாகிராமில் ஒவ்வொன்றாகப் போட்டேன். நாலு மாதத்தில் மூன்றுதான் போயிற்று. இப்போது பெங்களூர்க்காரர் ஒருவர் மீதி 87-ஐயும் மொத்தமாக 21,000 ரூபாய்க்குக் கேட்கிறார். தம்பியிடம் சொன்னால், "கிரேடிங்குக்கே ஒரு லட்சம் செலவாச்சு" என்று கத்துகிறான். ஒவ்வொன்றாக விற்பதா, சேர்த்து விற்பதா, அந்த 21,000-ஐ வாங்கிக்கொள்வதா? பட்டியல் இணைத்திருக்கிறேன். இன்னொன்று, அதில் ஒரு திராவிட் கார்டு இருக்கிறது, கிரேடு 6. அதை விற்க மனசு வரவில்லை. விலை போகிற கார்டா அது?

வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியலை இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். முதலில் அந்தப் பெங்களூர்க்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் உங்களை ஏமாற்றவில்லை. வாங்கி விற்கிறவர் கேட்கிற விலைதான் அது. ஆனால் 21,000-ஐ 87-ஆல் வகுத்து, கார்டுக்கு 240 ரூபாய் கொடுக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். என் கணக்கில் உங்கள் பெட்டியில் தனியாக நின்று விலை பேசக்கூடிய கார்டு ஒன்பதுதான். அவர் அந்த ஒன்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தொகை சொல்லியிருக்கிறார். அடுத்த முப்பது அவருக்குப் பரவாயில்லை ரகம். மீதி 48-ஐ எடுத்துப் போவதே உங்களுக்குச் செய்கிற உதவி என்று நினைத்திருப்பார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒன்பதுக்கு ஒரு பதில், முப்பதுக்கு வேறு பதில், 48-க்கு இன்னொன்று.

அதற்கு முன்னால் தம்பியின் ஒரு லட்சம். நம் சேலத்துக் கொலுசுக்காரர்களிடம் ஒரு ஜோடி பழைய கொலுசை எடுத்துப் போய்ப் பாருங்கள். டச் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், வெள்ளிக்கு உண்டான காசைக் கொடுப்பார்கள். வாங்கும்போது கொடுத்த கூலியும் சேதாரமும் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அது போனது போனதுதான். கிரேடிங் கட்டணமும் அப்படிக் கூலிதான். கார்டை அமெரிக்காவுக்கு அனுப்பி, நிபுணர் ஒருவர் பார்த்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் கொடுத்து, ஸ்லாப் என்கிற அந்த டப்பாவில் மூடித் திருப்பி அனுப்பியதற்கான கூலி. உங்கள் தம்பி கார்டுகளை அனுப்பிய பிஎஸ்ஏ நிறுவனம் 1991-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அவர்கள் நம்பருக்கு உலகம் முழுக்க மதிப்பு உண்டு. ஆனால் கூலி கொடுத்த பிறகு பொருளின் விலை கூடியதா என்பது வேறு விஷயம். இன்று அங்கே மலிவான பிரிவில் கொடுத்தாலே கார்டுக்கு இருபது டாலருக்குக் குறையாமல் ஆகிறது. இந்தப் பக்கம் அனுப்புகிற, வாங்குகிற செலவு தனி. புதுக் காலத்துச் சாதாரணக் கார்டு ஒன்று 9 வாங்கினால், பெரும்பாலும் அந்தக் கூலியைக்கூடத் திருப்பித் தராது. 10 வாங்கினால்தான் பேச்சு. உங்கள் பட்டியலில் 9-ம் 8-ம்தான் மலிந்து கிடக்கின்றன.

தம்பியைத் திட்டாதீர்கள். அவன் வாங்கியது 2020, 2021-இல். வீட்டில் அடைந்து கிடந்த ஜனம் எல்லாம் கார்டு வாங்கிய காலம் அது. குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச் கடைசியில் பிஎஸ்ஏ தன் பெரும்பாலான பிரிவுகளைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் டாப்ஸ் கம்பெனி 1952-இல் போட்ட, மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் பேஸ்பால் கார்டு ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என் கடைக்குப் பபிள்கம் அட்டையும் தீப்பெட்டிப் படமும் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தே நான் ஓய்ந்து போனேன். அந்தக் கார்டின் விலை அந்தக் கார்டுக்குத்தான்.

உங்கள் பட்டியலில் உள்ள சியான் வில்லியம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் அமெரிக்க பாஸ்கெட்பால் லீகான என்பிஏவுக்கு முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பையன். அடுத்த ஜோர்டன் என்ற அளவுக்குப் பேசினார்கள். காயத்தால் 2021-22 சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார், விலை சரிந்தது. ப்ரிஸம் என்கிற தொடரில் வந்த அவருடைய சாதாரணக் கார்டு 10 கிரேடிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எத்தனை இருக்கிறது என்று பிஎஸ்ஏ தளத்திலேயே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாப் ரிப்போர்ட் என்பார்கள். 10-ஏ அத்தனை இருக்கும்போது உங்களிடம் உள்ள 9-ஐ யார் தேடி வருவார்?

சரி, கணக்குக்கு வருவோம். 400 ரூபாய்க்குப் போகிற கார்டு ஒன்றை மும்பைக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். 2025 அக்டோபரில் மாறிய ஸ்பீட் போஸ்ட் ஆவணக் கட்டணத்தையே கணக்குக்கு எடுத்துக்கொண்டால் (பார்சல் கட்டணத்தைத் தபால் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்), 50 கிராமுக்கு மேல் 250 கிராம் வரை அந்தத் தூரத்துக்கு 72 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 85. பபிள் ராப், அட்டை, உறை, டேப் எல்லாம் சேர்த்து 25 ரூபாய் போடுங்கள். 400-இல் 110 போக மிச்சம் 290. அப்படி மூன்று கார்டு மூன்று பேருக்குப் போனால் கையில் 870 நிற்கும்.

அதே மூன்றையும் ஒரே ஆளுக்கு, நூறு ரூபாய் தள்ளி 1,100-க்குக் கொடுங்கள். 500 கிராமுக்குள் அடங்கும். தபால் 86, ஜிஎஸ்டியோடு 101. கட்டுகிற செலவு 40. கையில் நிற்பது 959. தள்ளுபடி கொடுத்தும் 89 ரூபாய் கூடுதல், இரண்டு பார்சல் மிச்சம். இன்னும் இறங்கி ஆயிரத்துக்கே கொடுத்தாலும் 859. தனித்தனியாக விற்றதைவிட 11 ரூபாய்தான் குறைவு. ஷிப்பிங் தனி என்று போட்டு வாங்குகிறவர் தலையில் கட்டலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் 400 ரூபாய்க் கார்டுக்கு 110 ஷிப்பிங் என்று பார்த்ததும் அவர் மனசுக்குள் கார்டை 300-ஆக்கிவிடுவார்.

இதையே 1,500 ரூபாய்க் கார்டுக்குப் போட்டுப் பாருங்கள். தனியாக அனுப்பினால் மிச்சம் 1,390. சேர்த்து விற்பதால் கார்டுக்கு அறுபது ரூபாய்போல மிச்சமாகும், ஆனால் பத்து சதவீதம் தள்ளிக் கொடுத்தாலே 150 போய்விடும். கட்டாது. அந்தப் பக்கம் 150 ரூபாய்க் கார்டைத் தனியாக அனுப்பினால் நாற்பது ரூபாய் நிற்கும். அதற்கு ஃபோட்டோ எடுத்து, நாலு பேர் "லாஸ்ட் பிரைஸ்?" என்று கேட்பதற்குப் பதில் சொல்லி, தபால் ஆபீஸ் வரிசையில் நிற்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் செய்வாரா?

நான் ஐநூறு ரூபாயில் கோடு கிழிப்பேன். அதற்கு மேல் இருந்தால் தனி. கீழே இருந்தால் கூறு. ஏறத்தாழ ஐநூறை ஒட்டி நிற்கிற கார்டுகளைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள், எப்படி விற்றாலும் ஒன்றுதான்.

கூறு என்று வேண்டுமென்றே சொல்கிறேன். கார்டுக்காரர்கள் லாட் என்பார்கள். எனக்குக் கூறு என்றால்தான் புரிகிறது, ஏனென்றால் கூறு கட்டுவதை நான் ஒரு அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். மாம்பழ சீசனில் எங்கள் தெருமுனையில் சாக்கை விரித்து உட்காருவார். மல்கோவாவும் இமாம்பசந்தும் தனியாக ஒரு கூடையில் இருக்கும், அது கிலோ விலை. சிறுத்ததும் சற்று அடிபட்டதும் சாக்கின் மேல் ஐந்தைந்தாகக் கூறு. ஒவ்வொரு கூறிலும் நாலு பழம் சுமார். மேலே ஒன்று மட்டும் நல்ல நிறத்தில் இருக்கும். ஒருநாள் அந்த மேல் பழத்தை மட்டும் கொடுங்கள், இருபது ரூபாய் தருகிறேன் என்றேன். கூறே ஐம்பதுதான். அந்த அம்மா பழத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஒன்ன உருவிட்டா மிச்ச நாலும் செத்துப்போயிடும் கண்ணு" என்றார். நான் கூறையே வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் திட்டு விழுந்தது.

உங்களுக்கு நடந்ததும் அதுதான். நாலு மாதத்தில் போன மூன்று கார்டும் எவை என்று பார்த்தேன். மூன்றும் தோனி. பால் ஏட்டை மட்டும் வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மூன்றும் இருந்திருந்தால் சென்னை சூப்பர் கிங்ஸ் கூறு மூன்றுக்குத் தலை கிடைத்திருக்கும். போகட்டும், ஒன்பதில் இன்னொரு தோனி 10 இருக்கிறது. அதைக் கூறில் போட்டுவிடாதீர்கள், அது கூடைப் பழம்.

கூறுக்குத் தலை வேண்டும், ஆனால் தலை அந்தக் கூறின் பாதி விலையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாங்குகிறவர் தலைக்கு மட்டும் விலை சொல்லிவிட்டு மீதியைக் கொசுறாக எடுத்துக்கொள்வார். 600 ரூபாய்க் கார்டோடு நூறு ரூபாய்க் கார்டு நாலைச் சேர்த்து ஆயிரம் என்று போட்டால் 650-க்குத்தான் கேட்பார்கள். 350, 300, 300, 250 என்று போகிற நாலைச் சேர்த்து 1,050 என்று போட்டால் பேரம் ஐம்பது நூறில் முடிந்துவிடும்.

கூறுக்குள் ஒரு சேர்மானமும் வேண்டும். மாம்பழத்தோடு வெங்காயத்தைக் கூறு கட்டினால் யார் வாங்குவார்? உங்கள் முப்பதை எட்டாகப் பிரித்திருக்கிறேன், ஆறு கூறில் நான்கு நான்கு, இரண்டில் மூன்று மூன்று. சென்னை அணி கூறு இரண்டு, மும்பை ஒன்று, பெங்களூரு ஒன்று, ஃப்யூட்டெரா கம்பெனியின் 1996 கிரிக்கெட் கார்டுகள் மூன்றும் தனிக் கூறு, என்பிஏ இரண்டு, ஃபுட்பால் ஒன்று. ஒரு ஆட்டக்காரரைச் சேர்க்கிறவர், ஒரு அணியைச் சேர்க்கிறவர், ஒரு வருடத்துத் தொடரைச் சேர்க்கிறவர் என்று மூன்று ஜாதி ஆள்கள் இருக்கிறார்கள். ஏதாவது ஒரு ஜாதிக்காவது உங்கள் கூறு பொருந்த வேண்டும். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் கார்டு உங்கள் பெட்டியில் நாலு இருந்திருந்தால், நான் தாரமங்கலம் பக்கமே ஆள் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

ஒரே கார்டு ஆறு பிரதி இருக்கிறதே, அந்த ஆறையும் ஒரே கூறில் கட்டாதீர்கள். சேர்க்கிறவருக்கு ஒன்று போதும். ஆறும் வேண்டுமென்பவர் வாங்கி விற்கிறவராகத்தான் இருப்பார், அவர் பாதி விலைக்குக் கேட்பார். பொருந்துகிற கூறுக்கு ஒன்றாக வைத்து, மீதியை அந்த 48-இல் சேர்த்துவிட்டேன்.

ஐபிஎல் அணிக் கூறுகளை இப்போது போட வேண்டாம். மார்ச்சில் போட்டி தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால் போடுங்கள். பங்குனி, சித்திரையில் கேட்பது போல மற்ற மாதங்களில் யாரும் கேட்பதில்லை. என்பிஏ கூறுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு இங்கே எப்போதுமே ஆள் கம்மி. ஒன்பதில் உள்ள மூன்று என்பிஏ 10-ஐயும் தம்பி அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவன் பெட்டியிலேயே போட்டு அனுப்பிவிடலாம். அதற்கு வாங்குகிற சந்தை அவன் இருக்கிற பக்கம்தான். என் கணக்கில் இங்கே கிடைக்கக்கூடிய விலையைத்தான் போட்டிருக்கிறேன், அங்கே சற்றுக் கூடக் கிடைத்தால் அது அவன் பாடு.

ஈபேயில் போடலாமா என்று தம்பி கேட்டானாம். ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டிலேயே மூடியாயிற்று. இங்கிருந்து வெளிநாட்டுக்கு விற்பதற்கு மட்டும் வழி இருக்கிறது. அதற்கு ஏற்றுமதி எண், வெளிநாட்டுப் பணத்தை வாங்குவதற்குப் பேயோனீர் கணக்கு, விற்ற விலையில் 13 சதவீதத்தை ஒட்டிய கமிஷன் எல்லாம் உண்டு. போதாததற்கு, 800 டாலருக்குக் கீழே இருந்த சுங்கச் சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29-இல் எடுத்துவிட்டது. அந்தக் குழப்பத்தில் நம் தபால் துறை அங்கே பார்சல் எடுப்பதையே நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் திரும்பத் தொடங்கியது. ஐந்து டாலர், பத்து டாலர் கார்டுக்கு இந்தத் தலைவலி எதற்கு? ஈபேயை விலை பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு விஷயம். தம்பி உங்களுக்குக் கொடுத்த விலைகள் எல்லாம் அங்கே ஆள்கள் கேட்கிற விலைகள். யாரும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். சோல்டு ஐட்டம்ஸ் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது, அதை அழுத்தினால் நிஜமாக விற்ற விலை வரும். பேரம் பேசி முடிந்ததன் உண்மையான தொகை வேண்டுமானால் 130 பாயிண்ட் தளத்தில் தேடுங்கள். கடைசி ஐந்து விற்பனையில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு மீதி மூன்றைப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன். கிரிக்கெட் கார்டுக்கு அங்கே விற்பனை குறைவு, ஒரு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கும். அப்போதுகூட அந்த டாலரை அப்படியே ரூபாயாக்கிவிடாதீர்கள். நம் பக்கத்துக் கார்டு சேர்ப்பவர்கள் குழுக்களில் இதே கார்டு எவ்வளவுக்குக் க்ளெய்ம் ஆகியிருக்கிறது, அதாவது கைமாறியிருக்கிறது என்பதுதான் இங்கே விலை.

அப்புறம் அந்த 48. இதில் 8 கிரேடு என்பிஏ சாதாரணக் கார்டுகள், பெயர் தெரியாத ஃபுட்பால் ஆட்டக்காரர்கள், 7 வாங்கிய அட்டாக்ஸ் என்கிற விளையாட்டுச் சீட்டு ரகக் கார்டுகள். இதற்காக ஒரு ஃபோட்டோகூட எடுக்காதீர்கள். ஒன்பதையும் முப்பதையும் எடுத்துவிட்டு, இந்த 48-க்கு மட்டும் பெங்களூர்க்காரரிடம் விலை கேளுங்கள். கார்டுக்கு 70 ரூபாய் கொடுத்தால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுங்கள். முகம் சுளிப்பார். "நல்லதை எல்லாம் எடுத்துட்டீங்களே" என்பார். ஆமாம் என்று சொல்லுங்கள், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அவர் வேண்டாமென்றால் இன்னொருவர் வருவார், ஸ்லாப் என்ற பெயருக்காகவே வாங்கிப் பரிசுப் பெட்டி கட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

யாருமே வாங்கவில்லை என்றால் டப்பாவை உடைத்துக் கார்டை மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒன்பது பை உள்ள ஷீட்டில் போட்டு விற்கலாம். கார்டு மெல்லிசு, தபாலும் குறையும். ஆனால் உடைப்பதை நீங்கள் செய்ய வேண்டாம். மூலையில் கட்டிங் பிளேயரால் நெம்பும்போது பிளாஸ்டிக் பட்டென்று தெறிக்கும், கையையும் கிழிக்கும் கார்டையும் கிழிக்கும். யாரிடம் கொடுத்து உடைத்தாலும் உள்ளே இருக்கிற லேபிளைக் கத்தரியால் இரண்டாக வெட்டிப் போடுங்கள். வெறும் லேபிளும் டப்பாவும் தப்பான கைக்குப் போனால் அதற்குள் வேறு கார்டை வைத்து மூடிவிடுவார்கள்.

இப்போது மொத்தக் கணக்கு. ஒன்பதும் தனியாகப் போனால் 14,400 வரும், செலவு 990 போக 13,400 என்று வையுங்கள். எட்டுக் கூறும் சேர்ந்து 10,500, பார்சலுக்கு 150 என்று எடுத்தால் கையில் 9,300. நாற்பத்தெட்டும் எழுபது ரூபாய் வீதம் 3,360. கூட்டினால் 26,060. பெங்களூர்க்காரர் சொன்னதைவிட ஐயாயிரத்துச் சொச்சம் கூடுதல். அதற்காக நீங்கள் 17 பார்சல் கட்ட வேண்டும், பார்சலுக்கு முந்நூறு ரூபாய் கூலி. சீசன் நேரத்தில் நாலு அறையும் நிரம்பி, சமையலும் நீங்களே என்றால் அந்த முந்நூறு உங்களுக்குப் பெரிதில்லை, 21,000-ஐ வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். மழைக்காலத்தில் கை ஓய்வாக இருக்குமென்றால் செய்யுங்கள். நானாக இருந்தால் செய்வேன், ஆனால் எனக்குப் பார்சல் கட்டுவது பிடிக்கும்.

செய்வதாக இருந்தால் கட்டுகிற விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். நான் ஸ்லாப் விற்கத் தொடங்கிய புதிதில் பன்னிரண்டைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, சுற்றிலும் பபிள் ராப் கட்டிக் கொல்கத்தாவுக்கு அனுப்பினேன். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே பன்னிரண்டும் ஒன்றோடொன்று உரசியபடியே அத்தனை தூரம் போயிருக்கின்றன. டப்பாக்களின் மேல் பூனை பிறாண்டியது போல் கோடு. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லைதான், ஆனால் வாங்குகிறவர் கண்ணில் டப்பாவும் கார்டும் ஒன்றே. ஒவ்வொரு ஸ்லாப்பையும் அதற்கென்று வருகிற மெல்லிய உறையில் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு அட்டை. நாலையும் சேர்த்து இரண்டு கெட்டி அட்டைக்கு இடையில் வைத்து, அசையாதபடி டேப் ஒட்டி, பிறகு பபிள் ராப். டேப் நேராக டப்பாவில் படக் கூடாது, பசை விடாது. கட்டி முடித்ததும் காதோரம் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். வீட்டுச் சமையல் தராசில் எடை போட்டுவிட்டுப் போங்கள், 250 கிராமைப் பத்து கிராம் தாண்டினாலும் அடுத்த கட்டணம். ஒன்பதையும் இன்சூர் செய்துவிடுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓட வேண்டாம், வாரம் ஒருநாள் அனுப்புவேன் என்று முன்னாலேயே எழுதிவிடுங்கள். மளிகைக்கு நீங்கள் இருபது கொண்டை ஊசி இறங்கிச் சேலம் வருகிற நாளே போதும்.

ஃபோட்டோவுக்கு உங்கள் ஊரைப் போல ஒரு ஊர் கிடையாது. ஸ்லாப்பைப் படம் எடுக்கிறவர்களுக்கு எல்லாம் பெரிய சங்கடம், பிளாஸ்டிக்கில் பல்பு பளிச்சென்று விழுவது. உங்களுக்குக் காலையில் பனி மூட்டம் இருக்கும்போது ஜன்னலோரம் ஒரு கறுப்புத் துணியை விரித்து எடுத்தாலே போதும், சென்னையில் ஆயிரக்கணக்கில் செலவழித்து லைட் வாங்கி வைத்திருப்பவன் எடுப்பதைவிட நன்றாக வரும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். லேபிளில் உள்ள எண் படிக்கத் தெரிய வேண்டும், அதைப் பிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பார்த்துத்தான் விவரம் தெரிந்தவர் பணம் அனுப்புவார். நீங்களும் விற்பதற்கு முன் 39 எண்களையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். டப்பாவில் கீறல் இருந்தால் "கீறல் பிளாஸ்டிக்கில், கார்டில் இல்லை" என்று எழுதுங்கள்.

அந்த மூட்டமே பெட்டிக்கு எதிரி. இந்த டப்பா மூடியிருக்கிறதே தவிரக் காற்றுப் புகாதது இல்லை. ஈரம் உள்ளே போனால் கார்டு வளையும். ட்ரங்குப் பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். பலகை மேல் வைத்து நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

பணம் வந்த பிறகுதான் பார்சல். டெலிவரி ஆனதும் தருகிறேன் என்கிறவரை விட்டுவிடுங்கள். இதைவிட ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. ராணுவத்தில் இருக்கிறேன் என்பார், விலையே பேசமாட்டார், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒரு க்யூஆர் அனுப்புவார். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்பார். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம்.

வீட்டில் கிடந்த சொந்தப் பொருளை ஒருமுறை விற்பதற்கு வியாபாரக் கணக்கெல்லாம் தேவைப்படாது. இதில் ருசி கண்டு வாங்கி விற்க ஆரம்பித்தால் மட்டும் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

அந்தத் திராவிட் கார்டு 48-இல் ஒன்றாகத்தான் வருகிறது. கிரேடு 6, தனியாகப் போட்டால் நூற்றைம்பதுகூடத் தேறாது. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர்க்காரருக்கு எழுதும்போது 47 என்று எழுதுங்கள்.